தமிழ் உபயம்: மாமா

1

ஜெர்மனிக்கு வந்து பன்னிரண்டு வருஷம் முடிந்த அன்று காலை, எங்கள் தபால் பெட்டியில் ஒரு மஞ்சள் உறை கிடந்தது. நமக்கு மஞ்சள் என்றால் மங்களம். கல்யாணப் பத்திரிகையின் மூலைகளில் தடவுவோம். இங்கே மஞ்சள் உறை வந்தால் அரசாங்கம் உன்னிடம் ஏதோ பேச விரும்புகிறது என்று அர்த்தம். பெட்டியில் போட்ட தேதியைத் தபால்காரர் உறைமேலேயே பேனாவால் எழுதிவிட்டுப் போவார். பிற்பாடு நாம் "எனக்கு வரவே இல்லையே" என்று எங்கள் ஊர்க் காஞ்சிபுரத்தனம் பண்ண முடியாது.

நான் அதைத் திறக்கவில்லை. செருப்பு ஸ்டாண்டுமேல் வைத்தேன். குளித்தேன். கைது செய்யும்போது என்ன உடுப்பில் இருந்தோம் என்பது முக்கியம் என்று தோன்றியதால், இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டேன். பிறகு என் மனைவி கோமதியைக் கூப்பிட்டு, வீட்டு வாடகை எந்தக் கணக்கிலிருந்து போகிறது, குப்பையை எந்தக் கிழமை எந்த டப்பாவில் போட வேண்டும் என்றெல்லாம் சொல்லத் தொடங்கினேன்.

அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியாலேயே உறையைக் கிழித்துப் படித்தாள்.

"சிவப்பு வெளக்குல சைக்கிள் ஓட்டியிருக்கீங்க. அபராதம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். சட்டையக் கழட்டிட்டு வெங்காயத்த உரிங்க."

வெங்காயத்தைச் சாக்கு வைத்து நன்றாக அழுதேன். அபராதத்துக்கு ஒருவன் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

நான் ஏன் இப்படிப் பயந்து செத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். கோமதியின் தம்பி சரவணன் அப்போது காஞ்சிபுரத்தில் சைபர் மோசடி வழக்கில் ரிமாண்டில் இருந்தான். போலீஸ் அவனோடு சேர்த்து இன்னொரு ஆளைத் தேடிக்கொண்டிருந்தது. அந்த ஆளின் பெயர் அவர்களுக்குத் தெரியாது. "மாமா" என்பது மட்டும் தெரியும்.

அந்த மாமா நான்தான்.

2

சரவணன் பிள்ளையார்பாளையத்தில் வீட்டிலிருந்தபடியே புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவன். முன்னறையில் அவன் அப்பாவின் தறி ஓடும், பின்னறையில் இவன் கம்ப்யூட்டர் ஓடும். மழைக்காலத்தில் கரண்டு போனால் தறி ஓடும், இவன் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பான். பட்டுக் கடைகளுக்கு வெப்சைட், கல்யாண மண்டபத்துக்குப் புக்கிங், இப்படித்தான் அவனுடைய வேலைகள்.

போன வருஷம் ஆன்லைனில் ஒரு பார்ட்டி வந்தான். கூரியர் கம்பெனி என்றான். பார்சல் எங்கே வருகிறது என்று வாடிக்கையாளர் பார்த்துக்கொள்ள ஒரு ஆப் வேண்டும், போனுக்கு வரும் மெசேஜை அந்த ஆப் படிக்க வேண்டும் என்றான். எதற்கு என்று சரவணன் கேட்டிருக்கிறான். வயசானவர்களுக்கு ரகசிய எண்ணைப் பார்த்து அடிக்கத் தெரியவில்லை, தானாகவே விழுந்துவிட்டால் அவர்களுக்குச் சுலபம் என்று பதில் வந்தது. வயசானவர்கள்மேல் அவனுக்கு அவ்வளவு கரிசனம். இவனும் எழுதிக் கொடுத்துவிட்டான்.

எங்கள் ஊர் நெசவுத் தெருக்களில் புடவை யார் கட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று எவரும் கேட்பதில்லை. என்ன கலர், என்ன பார்டர், எப்போது வேண்டும், அவ்வளவுதான் பேச்சு. கட்டுகிறவள் நல்லவளா கெட்டவளா என்பது தறியில் உட்கார்ந்தவன் கவலை இல்லை. புடவை விஷயத்தில் இது சரியான பழக்கமும்கூட. யார் உடம்பில் ஏறினாலும் பட்டு பட்டாகத்தான் இருக்கும். நானும் சரவணனும் அந்தப் பழக்கத்தை அப்படியே கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்துவிட்டோம். நாங்கள் எழுதுவது அப்படிச் சும்மா இருக்கிற சரக்கு இல்லை, எவன் கைக்குப் போகிறதோ அவன் சொன்ன வேலையைச் செய்யும் என்பது படித்த எங்களுக்குத் தெரியாதா? தெரியும். தெரிவது வேறு, கேட்பது வேறு.

ஆப் முடிந்தபோது ஒரு சிக்கல். அதில் வர வேண்டிய தமிழை அந்தப் பார்ட்டி மெஷினில் மொழிபெயர்த்து அனுப்பியிருந்தான். சரவணன் எனக்கு போன் செய்தான்.

"மாமா, இந்தத் தமிழப் பாரு. 'பீதி அடைய வேண்டாம். உங்கள் பொட்டலம் பாதுகாப்பான நிலையில் உள்ளது.' பாம் வெச்சிருக்கிற மாதிரி இருக்குது."

"அனுப்பு மச்சான், நான் பாத்துக்கறேன்."

நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நான் இங்கே நாள் முழுக்க ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் மீட்டிங் பேசுகிறவன். என் ஜெர்மனைக் கேட்டு ஆபீஸில் ஒருவரும் சிரிப்பதில்லை, மரியாதையாக முகத்தை வைத்துக்கொள்வார்கள். சிரித்தால்கூடப் பரவாயில்லை. ஊரில் நான் வாயைத் திறந்தால் டீக்கடையே குலுங்கும். இங்கே நான் ஒரு அமைதியான இந்தியர். அப்படிப்பட்டவனிடம் பத்துப் பன்னிரண்டு வரியைக் கொடுத்து, இதை நம் ஊர்ப் பேச்சில் எழுது என்றால்? பசித்தவனை இலைமுன் உட்கார வைத்த கதைதான். அந்தச் சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினேன். ஒவ்வொரு வரியையும் சத்தம் போட்டுப் படித்துப் பார்த்தேன். 'பீதி அடைய வேண்டாம்' இருந்த இடத்தில் இப்படி வந்தது:

"பதறாதீங்கமா. உங்க பார்சல் பத்திரமாத்தான் இருக்குது."

எங்கிருந்து வந்தது என்று தெரியாது. விரலிலிருந்து தானாக இறங்கியது. என் மகள் நிலாவுக்குத் தமிழ் வாசிக்க வராது, கேட்டால் புரியும். அவளிடம் படித்துக் காட்டினேன். "நல்லா இருக்குப்பா. மெஷின் மாதிரி இல்ல, யாரோ பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்கு" என்றாள். பதினாறு வயதுப் பெண்ணிடம் அப்பன் பாராட்டு வாங்குவது எவ்வளவு அபூர்வம் என்பது பெற்றவர்களுக்குத் தெரியும். நான் அன்று இரண்டு அங்குலம் வளர்ந்தேன்.

சரவணனுக்கும் பெருமை தாங்கவில்லை. கோயில் டியூப் லைட்டில் வெளிச்சமே தெரியாத அளவுக்கு 'உபயம்: இன்னார்' என்று எழுதி வைப்பார்களே, அதுபோல அந்த புரோகிராமின் தலைப்பில், மெஷின் கண்டுகொள்ளாத, மனிதன் மட்டும் படிக்கிற ஒரு குறிப்பு எழுதினான்.

தமிழ் உபயம்: மாமா.

3

கூரியர் கம்பெனி என்று ஒன்று இல்லவே இல்லை. பார்சல் நிற்கிறது, இந்த ஆப்பைப் போட்டால் வந்துவிடும் என்று ஊர் ஊராக மெசேஜ் போயிருக்கிறது. ஆப்பைப் போட்டவர்களின் வங்கி ரகசிய எண்களெல்லாம் எவனுக்கோ போய்ச் சேர்ந்திருக்கின்றன. அந்த எவனோ இன்றுவரை கிடைக்கவில்லை. கிடைத்தது சரவணன்தான். கூலியைத் தன் சொந்தக் கணக்கில் வாங்கியிருந்தான், வீட்டு விலாசத்தோடு.

ஏமாந்தவர்களில் ஒருவர் அதே தெரு. பரிமளா அக்கா. புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுகிறவர், தனி மனுஷி. ஒழுகுகிற ஓட்டுக் கூரையை எடுத்துவிட்டுத் தளம் போடுவதற்காக வருஷக்கணக்கில் சேர்த்ததெல்லாம் ஒரு மத்தியானத்தில் போனது. அவர் புகார் கொடுக்கப் போனபோது துணைக்கு ஸ்டேஷன்வரை போனவனே சரவணன்தான். தான் எழுதிய ஆப் என்று அப்போது அவனுக்குத் தெரியாது. கூரியர் பெயரை மாற்றியிருந்தார்கள்.

போலீஸ் அவன் கம்ப்யூட்டரிலிருந்த புரோகிராமைப் பிரித்துப் பார்த்தது. "யாருடா மாமா?" என்று கேட்டது.

"சும்மா வெளையாட்டுக்கு எழுதினது சார். மாமான்னு யாரும் இல்ல சார்."

என் குடியுரிமை விண்ணப்பம் இங்கே கடைசிக் கட்டத்தில் இருந்தது அவனுக்குத் தெரியும். அந்த விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு: உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ உங்கள்மீது ஏதாவது விசாரணை நடக்கிறதா? நிலாவுக்கும் சேர்த்துத்தான் விண்ணப்பம். அதற்காக அவன் வாயை மூடிக்கொண்டான். அவன் மூட மூட, மாமாதான் கும்பலின் தலைவன் என்று போலீஸுக்கு உறுதியானது. ஜாமீன் மனு வந்தபோது, முக்கியக் கூட்டாளியை மறைக்கிறான் என்று எதிர்த்தார்கள். ஜாமீன் கிடைக்கவில்லை.

இந்தச் சமயத்தில் கும்பல் தலைவன் என்ன செய்துகொண்டிருந்தான் தெரியுமா? லேப்டாப்பை உருளைக்கிழங்குக் கூடைக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டிருந்தான். ரோட்டில் போலீஸ் வண்டியைப் பார்த்தால் குனிந்து ஷூ லேஸ் கட்டினான். போட்டிருந்தது லேஸ் இல்லாத ஷூ. ஆபீஸில் வெளி வேலை எதையும் எழுத்துமூலம் அனுமதி வாங்காமல் செய்ய மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டது ஞாபகம் வர, மச்சானுக்குப் பத்து வரி தமிழ் எழுதியது வெளி வேலையா, சொந்தக்கார வேலையா என்று கழிப்பறையில் உட்கார்ந்து யோசித்தான். போனை யாராவது ஒட்டுக் கேட்பார்கள் என்று, கோமதி அவள் அம்மாவிடம் பேசும்போது சரவணனுக்கு 'சாம்பார்' என்று ரகசியப் பெயர் வைத்தான்.

"சாம்பார் எப்படிம்மா இருக்குது?"

"உள்ளதான் இருக்குது."

"எப்ப எறக்குவாங்களாம்?"

"வக்கீலு இன்னும் ரெண்டு விசில் போவணும்னு சொல்றாரு. ஏன்டி, அங்க மாப்பிள்ளை எப்படி இருக்காரு?"

"இருக்காரு."

"சாப்பிடறாரா?"

கோமதி என்னைப் பார்த்தாள். என் கையில் இரண்டாவது தோசை.

"சாப்பிடறாரு."

"ம். நல்லது" என்றார் மாமியார். தோசையைத் தட்டிலேயே வைத்தேன்.

4

யாரும் என்னை வற்புறுத்தவில்லை. அதுதான் கொடுமை. கோமதி நான்கு வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்கு ஐந்து பேசி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவள் தம்பியின் சின்ன வயது போட்டோவை எடுத்து வைத்துக்கொண்டு அழவும் இல்லை. சமைத்தாள், வேலைக்குப் போனாள், வந்தாள். என்னோடு பேசும்போது மட்டும் 'என்னங்க' வராமல் போனது.

கேட்டது நிலா. இந்த ஊரில் வளர்ந்த பிள்ளைகள் கேள்வியைச் சுற்றி வளைப்பதில்லை. நாம் அதை மரியாதைக்குறைவு என்கிறோம், அவர்கள் அதைக் கேள்வி என்கிறார்கள்.

"அப்பா, அந்தத் தமிழ் நீதானே எழுதின?"

"ஆமா, ஆனா..."

"சரவணன் மாமா இல்லல்ல?"

"இல்ல. அவன் வந்து..."

"அப்போ நீதான் சொல்லணும்."

"சொன்னா உன் பாஸ்போர்ட் நின்னு போகும்டி."

"நிக்கட்டும். நான் என்ன, ஓடிப் போகப் போறேனா?"

சொல்லிவிட்டுக் காதில் ஏதோ மாட்டிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். இவள் நம் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள், தமிழ் படிக்க மாட்டேன் என்கிறாள், கோயிலுக்கு வர மாட்டேன் என்கிறாள் என்று நான் எத்தனை முறை கோமதியிடம் புலம்பியிருப்பேன். அன்றைக்கு யார் எங்கே போய்க்கொண்டிருந்தார்கள் என்று எனக்கே விளங்கவில்லை.

உருளைக்கிழங்குக் கூடையிலிருந்து லேப்டாப்பை எடுத்தேன். ஊரிலிருந்த வக்கீலோடு பேசி, தூதரகத்தில் கையெழுத்திட்ட வாக்குமூலம் ஒன்றை அனுப்பினேன். மறுவாரம் வீடியோவில் இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். தலைக்குமேல் மின்விசிறி, பக்கத்தில் டீ. அவர் முகத்தைப் பார்த்ததும் என் கால் மேஜைக்கடியில் தையல் மிஷின் ஓட்டியது.

"நீங்கதான் மாமாவா?"

"ஆமா மேடம்."

"உபயம்னு போட்டிருக்குதே, எவ்ளோ உபயம்?"

"பணமெல்லாம் இல்ல மேடம். தமிழ் மட்டும். எழுதிக் குடுத்தேன்."

"எதுக்கு?"

பன்னிரண்டு வருஷமாகத் தமிழில் ஒருவரையும் சிரிக்க வைக்கவில்லை, அதற்காக என்று சொல்ல நினைத்தேன். "மச்சான் கேட்டான் மேடம்" என்று சொன்னேன்.

சரவணன் எனக்கு அனுப்பிய மெஷின் தமிழையும், நான் திருத்தி அனுப்பியதையும் வக்கீல் பக்கம் பக்கமாக வைத்துக் கொடுத்திருந்தார். இன்ஸ்பெக்டர் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் பழையதைப் படித்தார். 'பீதி அடைய வேண்டாம். உங்கள் பொட்டலம் பாதுகாப்பான நிலையில் உள்ளது.' அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்திலிருந்த ஏட்டும் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். ஊர்க்காரர்கள் மூன்று பேர் சேர்ந்து சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

அப்புறம் அவர் என்னுடையதைப் படித்தார். சிரிப்பு நின்றது.

"சார், உங்க வரிங்களத்தான் மெசேஜாவும் அனுப்பியிருக்கானுங்க. அவனுங்க பழைய தமிழ்லயே இது போயிருந்தா, நம்ம ஊர்ல ஒருத்தர்கூட ஏமாந்திருக்க மாட்டாங்க."

மேஜைக்கடியில் கால் நின்றுவிட்டது.

"இப்போதைக்கு உங்கள சாட்சியா வெக்கறேன். நாளைக்கு எப்படின்னு நான் சொல்ல முடியாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேடம்."

5

இங்கே குடியுரிமை அலுவலகத்துக்கும் போனேன், யாரும் கூப்பிடாமலே. நான் ஒரு வழக்கில் சாட்சி என்று ஜெர்மனில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். அந்த அம்மாளின் மேஜை முன்னால் உட்கார்ந்ததும், பதற்றத்தில் 'நான் ஒரு சான்றிதழ்' என்று சொல்லிவிட்டேன். இரண்டு சொல்லும் இங்கே அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

அவர் முகம் மாறாமல், "நல்ல சான்றிதழா, மோசமானதா?" என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் இந்த ஊர்க்காரர் ஒருவர் என்னோடு அடித்த முதல் ஜோக். அதை அனுபவிக்கும் நிலையில் நான் இல்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, எழுத்தில் கொடுக்கச் சொன்னார். வழக்கு முடியும்வரை கோப்பு ஓய்வில் இருக்கும் என்றார். இவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், கோப்புக்கு ஏதோ உடம்பு சரியில்லாத மாதிரி. எவ்வளவு நாள் என்று கேட்டேன். அது உங்கள் நாட்டைப் பொறுத்தது என்றார். உங்கள் நாடு என்று அவர் சொன்னது எந்தக் கெட்ட எண்ணத்திலும் இல்லை. டிராமில் வரும் வழியெல்லாம் அந்த இரண்டு சொல்லும் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தன.

ஆபீஸ் மேலாளரிடமும் சொன்னேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டு, எழுதிக் கொடு என்றார். இந்த நாட்டில் பாவமன்னிப்பே எழுத்துமூலம்தான்.

6

சரவணனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. தினமும் காலையில் ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போடுகிறான். வழக்கு நடக்கிறது. கோமதியிடம் 'என்னங்க' திரும்பி வந்தது, கொஞ்சம் தயங்கித் தயங்கி. இங்கே முடிந்திருந்தால் நானும் பதற்றத்தைப் பற்றி நாலு ஜோக் அடித்து உங்களை அனுப்பி வைத்திருப்பேன்.

போன வாரம் சரவணன் போனில் சொன்னான்.

"மாமா, பரிமளா அக்கா ஊட்டு வழியாத்தான் டெய்லி ஸ்டேஷன் போவணும். தல குனிஞ்சிக்கினே போறேன். நேத்து கூப்பிட்டாங்க மாமா."

"திட்டினாங்களா?"

"இல்ல. 'உம்மேல கோவம் இல்லப்பா. ரெண்டு மூணு தடவ அந்த மாதிரி மெசேஜ் வந்து அழிச்சிருக்கேன். இது மட்டும் நம்ம ஆளு பேசற மாதிரி இருந்துது, அதான் அமுக்கிட்டேன்'னாங்க."

"எழுதினது நான்னு சொன்னியா?"

"அத நான் சொல்லல மாமா. நீ சொல்லிக்க."

இத்தனை நாள் எனக்காக மறைத்தவன், முதல்முறையாக என்னையே சொல்லச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். அக்கா போனை எடுத்ததும் ஒரே இரைச்சல், யாரோ முறத்தில் அரிசி கொட்டுகிற மாதிரி.

"யாரு?"

"அக்கா, குமாரு பேசறேன். கோமதி ஊட்டுக்காரு. ஜெர்மனிலேருந்து."

"குமாரா! எப்டிப்பா இருக்குற? கொழந்த எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குதுக்கா. அக்கா, என்ன சத்தம்?"

"மழப்பா. ஓட்டுமேல தார்ப்பாய் போட்டிருக்குது, அதான் தடதடன்னு கேக்குது."

தளம் போட்டிருந்தால் இந்தச் சத்தம் இருந்திருக்காது. வாக்கியங்களை எழுதி வைத்துக்கொண்டுதான் கூப்பிட்டிருந்தேன், என் வழக்கப்படி சத்தம் போட்டுப் படித்தும் பார்த்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "அக்கா... நான் வந்து... அந்த ஆப்புல... அக்கா..." என்று திக்கினேன். வேலைக்கு வந்த புதிதில் ஜெர்மன் பேசியதைவிட மோசம். அவருக்கு என்ன தோன்றியதோ, மழைக்காகத்தான் கலங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

"பதறாதப்பா" என்றார். "பதறாத. பத்திரமாத்தான் இருக்குது."

அப்போதுதான் தெரிந்தது எனக்கு. அது என் விரலிலிருந்து வந்த வரி இல்லை. கோமதியைப் பெண் கேட்டு நாங்கள் அந்தத் தெருவுக்குப் போன நாள், என் அம்மா பஸ்ஸில் பையை விட்டுவிட்டு நடுத்தெருவில் அழுதுகொண்டிருந்தபோது, கையில் குஞ்ச நூலோடு வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டுக்கு ஆளை அனுப்பிவிட்டு, இந்த அக்கா சொன்னது அது. "பதறாதீங்கமா. உங்க பை பத்திரமாத்தான் இருக்கும்." அதேபோல் பையும் பத்திரமாகத் திரும்பி வந்தது.

அவருடைய வார்த்தையைத்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். நம்ம ஆள் பேசுகிற மாதிரி இருக்காதா பின்னே.

"குமாரு? லைன்ல இருக்கியா?"

"இருக்கேங்க்கா."

"சொல்லுப்பா. என்னமோ சொல்ல வந்தியே."

தார்ப்பாய்மேல் மழை வலுத்தது. அவருக்குக் கேட்க வேண்டுமே என்று, நான் சத்தமாகச் சொல்லத் தொடங்கினேன்.